மரம் வெட்டப் போட்ட தண்டவாளம்



2024-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி தைவானின் சியாயி நகரில் இருந்து ஒரு சிறிய ரயில் மலையேறியது. சுமார் 5 மணி நேரம் வளைந்து நெளிந்து ஏறி, 2,216 மீட்டர் உயரத்தில் இருக்கும் அலிஷான் நிலையத்தைப் போய்ச் சேர்ந்தது. ரயில் போய்ச் சேர்வது ஒரு செய்தியா என்று கேட்கலாம். அந்தப் பாதையில் கடைசியாக ஒரு ரயில் அடிவாரத்தில் இருந்து உச்சி வரை முழுமையாக ஓடியது 2009-ஆம் ஆண்டில். இடையில் 15 ஆண்டுகள் பாதை அறுந்து கிடந்தது.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. அதே மலைக்கு நல்ல தார்ச்சாலை உண்டு. பேருந்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். இந்த ரயில் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த வேலையும் 1963-ஆம் ஆண்டிலேயே முடிந்துவிட்டது. அப்படியிருக்க, வேலை முடிந்துபோன ஒரு ரயிலை, சாலையைவிட மெதுவாகப் போகிற ஒரு ரயிலை, 15 ஆண்டுகள் போராடி ஏன் மீட்டார்கள்?

அலிஷான் வன ரயிலின் கதை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. பேராசையில் தொடங்கிப் பொறுப்பில் வந்து நிற்கும் கதை அது.

யாருடைய மலை?

அலிஷான் என்பது ஒரே மலையின் பெயர் அல்ல. தைவானின் நடுப்பகுதியில், சியாயி மாவட்டத்தில் உள்ள ஒரு மலைத்தொகுதியின் பெயர். அங்கே காலங்காலமாக வாழ்ந்து வருபவர்கள் ட்ஸோ இனத்துப் பூர்வகுடி மக்கள். வேட்டையும் தினை விளைச்சலும் அவர்களின் வாழ்க்கை. ஊர் ஆண்கள் ஒன்றுகூடும் ‘குபா’ என்ற பெரிய கூரை மண்டபம் இன்றும் அவர்களின் கிராமங்களில் நிற்கிறது.

1895-ஆம் ஆண்டில் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் நடந்த போர் முடிந்தது. தோற்ற சீனா, தைவானை ஜப்பானிடம் ஒப்படைத்தது. அதே ஆண்டிலேயே ஜப்பானிய ஆட்சி ஒரு விதியை அறிவித்தது. உரிமைப் பத்திரம் இல்லாத காட்டு நிலமெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்பதே அந்த விதி.

மலையில் பிறந்து மலையில் மடியும் மக்களிடம் பத்திரம் எங்கே இருக்கும்? ஒரே கையெழுத்தில் காடு கைமாறியது. தண்டவாளத்துக்கு முன்பே அந்த மலை மீது ஏறியது இந்தக் காகிதம்தான்.

சில ஆண்டுகளில், 1899-ஆம் ஆண்டு வாக்கில், அலிஷானின் உள்காட்டில் பிரம்மாண்டமான மரங்கள் நிற்பதை ஜப்பானிய அதிகாரிகள் கண்டுகொண்டார்கள். சிவப்பு சைப்ரஸ், மஞ்சள் சைப்ரஸ் என்ற இருவகை ஊசியிலை மரங்கள். ஆயிரம் ஆண்டு, இரண்டாயிரம் ஆண்டு கண்ட மரங்கள். பலர் கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்க முடியும்.

ஜப்பானியர்களுக்கு இந்த மரத்தின் அருமை தெரியும். அவர்கள் ஊரில் இதன் உறவு மரத்துக்கு ‘ஹினோக்கி’ என்று பெயர். நல்ல வாசனை உண்டு. எளிதில் உளுக்காது, கரையான் அரிக்காது. கோயிலும் அரண்மனையும் கட்ட அவர்கள் தேடித் தேடி வாங்குவது அந்த மரத்தைத்தான்.

மரம் இருந்தது மலை மேல். அதை இறக்க வழி இல்லை. ஆற்றில் உருட்டி விட்டால் பாறையில் மோதிச் சிதறிவிடும். மாட்டு வண்டி அந்தச் செங்குத்தில் ஏறாது. ரயில்தான் ஒரே வழி என்று முடிவானது.

இரண்டு ஆண்டில் கைவிட்ட நிறுவனம்

1906-ஆம் ஆண்டில் ஒசாகாவைச் சேர்ந்த ஃபுஜிதா நிறுவனம் பாதை போடும் வேலையைத் தொடங்கியது. மலை அவ்வளவு சுலபமாக வழிவிடவில்லை. செலவு மேலும் மேலும் ஏறியது. 1908-ஆம் ஆண்டில் நிறுவனம் வேலையை நிறுத்திவிட்டு விலகியது. 1910-ஆம் ஆண்டில் அரசாங்கமே பொறுப்பேற்று வேலையைத் தொடர்ந்தது.

1912-ஆம் ஆண்டு டிசம்பரில் எர்வான்பிங் என்ற இடம் வரை பாதை திறக்கப்பட்டது. 1914-ஆம் ஆண்டில் மேலே ஜாவ்பிங் வரை நீண்டது. காட்டின் நடுவுக்கே ரயில் வந்துவிட்டது.

‘இலாபம் பார்க்க வந்த தனியார் விலகினார், அரசு ஏற்றது’ என்ற இந்த நிகழ்ச்சியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நூறு ஆண்டு கழித்து இதே மலையில் இதே காட்சி மீண்டும் வரப் போகிறது.

ரயில் மலையேறுவது எப்படி?

சியாயி நிலையம் கடல் மட்டத்தில் இருந்து 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அலிஷான் நிலையம் 2,216 மீட்டர். அதாவது ஒரே பயணத்தில் 2,186 மீட்டர் ஏற வேண்டும். தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான குனோங் தகானின் உயரம் 2,187 மீட்டர். கடற்கரையில் இருந்து குனோங் தகான் உச்சிக்கு ஒரு ரயில் ஏறுவதாக நினைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். பாதையின் நீளம் சுமார் 71 கிலோமீட்டர்.

இந்த ஏற்றத்துக்கு நான்கு உபாயங்களைக் கையாண்டார்கள்.

முதலாவது, குறுகிய தண்டவாளம். மலேசிய ரயில்களின் பாதை ஒரு மீட்டர் அகலம். அலிஷான் பாதையின் அகலம் 762 மில்லிமீட்டர்தான், அதாவது இரண்டரை அடி. பாதை குறுகலாக இருந்தால் வளைவுகளையும் இறுக்கமாகப் போடலாம். மலையைக் குடைவது குறையும், செலவும் குறையும். இங்கே மிக இறுக்கமான வளைவின் ஆரம் 40 மீட்டர்.

இரண்டாவது, மலையைச் சுற்றி ஏறுவது. துலிஷான் என்ற தனிக்குன்றை ரயில் திருகாணிபோல் மூன்று சுற்றுச் சுற்றி, முடிவில் எட்டு என்ற எண் வடிவத்தில் திரும்பி வெளியே வருகிறது. கீழே விட்டு வந்த நிலையத்தை மரங்களின் இடைவெளியில் பயணி மறுபடியும் மறுபடியும் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அது இன்னும் சிறியதாகத் தெரிகிறது. ஐந்து கிலோமீட்டர் ஓடியும் அதே ஊரின் தலைக்கு மேல்தான் இருக்கிறோம் என்று அப்போது தெரிகிறது.

அந்தக் கீழ் நிலையத்தின் பெயருக்குக் ‘கற்பூரக் குடில்’ என்று பொருள். கற்பூர மரத்துண்டுகளைக் கொதிக்க வைத்துக் கற்பூரம் எடுத்த குடில்கள் அங்கே இருந்தன. கற்பூரம் என்றதும் தமிழர்களுக்குச் சாமி அறை நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் உலகச் சந்தையின் கற்பூரத்தில் பெரும்பங்கு தைவான் மலைகளில் இருந்துதான் போனது.

மூன்றாவது, முன்னும் பின்னுமாக ஏறுவது. மேல் பகுதியில் மலை அவ்வளவு செங்குத்தாகிவிடுகிறது, சுற்றி வரவும் இடமில்லை. அங்கே ரயில் ஒரு சரிவில் முன்னோக்கி ஏறும். முட்டுச்சந்து போன்ற இடத்தில் நிற்கும். தண்டவாளத்தை மாற்றிவிட்டதும் பின்னோக்கி அடுத்த சரிவில் ஏறும். ஆங்கில எழுத்து ‘இசட்’ மாதிரியான வடிவம் அது. அலிஷான் ரயில் சுவரில் முட்டிக்கொள்கிறது என்று தைவான் மக்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். முட்டினாலும் ஒவ்வொரு முட்டலிலும் ஒரு படி மேலே போய்விடுகிறது.

நான்காவது, என்ஜின். மிகக் கடினமான இடங்களில் 16 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற வேண்டும். சாதாரண நீராவி என்ஜின் அங்கே சக்கரம் வழுக்கி நின்றுவிடும். அதற்காக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள லைமா தொழிற்சாலையில் இருந்து ‘ஷே’ ரக என்ஜின்களை வரவழைத்தார்கள். மிச்சிகன் காட்டில் மரம் வெட்டும் தொழில் செய்த எஃப்ரெய்ம் ஷே என்பவர், தம் மரங்களை இழுப்பதற்காகவே கண்டுபிடித்த என்ஜின் இது.

இதன் அமைப்பு விசித்திரமானது. உருளைகள் என்ஜினின் வலப்பக்கத்தில் செங்குத்தாக நிற்கும். அவை பக்கவாட்டில் ஓடும் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு பற்சக்கரங்களின் வழியாக எல்லா அச்சுகளையும் திருப்பும். ஒரு சக்கரம்கூடச் சும்மா உருளாது. வேகம் குறைவு, இழுவை அதிகம். வலப்பக்கம் கனமாகிவிடுவதால் கொதிகலனை இடப்பக்கம் சற்றுத் தள்ளி வைத்திருப்பார்கள்.

மலையில் இன்னொரு வழக்கமும் உண்டு. பொதுவாக என்ஜின் பெட்டிகளின் இறக்கப் பக்கத்தில் நிற்கும். ஏறும்போது கீழிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். நடுவழியில் பெட்டி கழன்றுவிட்டால் சரிவில் உருண்டு ஓடிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது. இந்தப் பாதையைக் கட்டியவர்கள் மலைக்குப் பயந்தவர்கள். அந்தப் பயம்தான் அவர்களின் அறிவு.

இறங்கிய மரங்கள்

ரயில் ஓடத் தொடங்கியதும் மரங்கள் இறங்கத் தொடங்கின. மரங்கள் இறங்கிய இடமான சியாயி, மர நகரமாகவே மாறியது. 1914-ஆம் ஆண்டில் அங்கே பெரிய மரம் அறுக்கும் ஆலை இயங்கியது. கீழை நாடுகளிலேயே முதன்மையானது என்று அக்காலத்தில் அதற்குப் பெயர். ஊழியர்களுக்காகக் கட்டிய மரவீடுகளில் பல இன்றும் நிற்கின்றன. பழுது பார்க்கப்பட்ட அந்த வீடுகள்தான் இன்று ‘ஹினோக்கி கிராமம்’ என்ற சுற்றுலாத் தலம்.

மரங்கள் கடல் கடந்தும் போயின. டோக்கியோவில் 1920-ஆம் ஆண்டில் மெய்ஜி ஆலயம் எழுந்தபோது, அதன் மாபெரும் நுழைவு வளைவுக்கு அலிஷான் சைப்ரஸ் மரமே பயன்பட்டது. 1966-ஆம் ஆண்டில் இடி விழுந்து அந்த வளைவு சேதமானது. மாற்றுவதற்கு ஜப்பானில் அந்த அளவு மரம் கிடைக்கவில்லை. மறுபடியும் தைவானில்தான் தேடினார்கள். 1975-ஆம் ஆண்டில் புதிய வளைவு நின்றது.

இந்தக் கதையில் மனத்தைத் தைக்கும் ஒருவர் உண்டு. பெயர் கவாய் ஷிதாரோ. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் வனவியல் பேராசிரியர். அலிஷான் காட்டை ஆராய்ந்து, எப்படிப் பாதை போடுவது, எப்படி மரம் எடுப்பது என்று திட்டம் வகுத்தவர் அவரே. பாதை திறந்து சில ஆண்டுகள் கழித்து அவர் அந்த மலைக்குத் திரும்பி வந்தார். ஒரு காலத்தில் அவர் நடந்து திரிந்த காடு வெட்டவெளியாகிக் கிடந்தது. தொன்மையான காடு கோடரிக்குப் பலியானதை எண்ணி வருந்தி, அவர் சீன எழுத்தில் ஒரு கவிதை எழுதினார். மற்றவர்கள் அதை வெற்றி என்றார்கள். திட்டம் போட்டவரே அதைத் துக்கமாகப் பார்த்தார்.

அவர் மறைந்த பிறகு 1933-ஆம் ஆண்டில் அலிஷானில் அவருக்கு நினைவுக்கல் நட்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1935-ஆம் ஆண்டில், அதே வட்டாரத்தில் இன்னொரு கல் எழுந்தது. அது மனிதருக்கு அல்ல, மரங்களுக்கு. வெட்டுண்ட மரங்களின் ஆவியைச் சாந்தப்படுத்துவதற்காகக் கட்டிய ‘மர ஆவித் தூண்’ அது.

வெட்டியவர்களே வெட்டப்பட்டதற்குச் சமாதி எழுப்பி வணங்கினார்கள். அதற்குப் பிறகும் வெட்டுவது நிற்கவில்லை. செய்வது தவறென்று உள்ளூரத் தெரிந்தே செய்கிற மனித குணத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

வேலை போன ரயில்

1945-ஆம் ஆண்டில் போர் முடிந்து ஜப்பானியர் வெளியேறினார்கள். ஆட்சி மாறியது, கோடரி மாறவில்லை. போருக்குப் பிறகும் மரங்கள் இறங்கின. கடைசியில் 1963-ஆம் ஆண்டில் அலிஷானில் மரம் வெட்டுவது முடிவுக்கு வந்தது. அதற்குள் பழைய பெருங்காட்டில் பெரும்பகுதி போய்விட்டது. மொட்டையான சரிவுகளில் ஜப்பானிய சீடார் மரங்களை வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். இன்று பயணிகள் படம் பிடிக்கும் நெடிதுயர்ந்த சீடார் தோப்புகளில் பல, அப்படி வெட்டிய இடத்தில் நட்டவைதான்.

மரம் இல்லையென்றால் ரயிலுக்கு வேலை ஏது? உலகில் எத்தனையோ காட்டு ரயில்கள் இந்தக் கட்டத்தில்தான் செத்துப்போயின. தண்டவாளத்தைப் பெயர்த்து இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அலிஷான் ரயில் தப்பியதற்குக் காரணம், அது ஏற்கனவே மனிதர்களையும் ஏற்றிக்கொண்டிருந்தது. மலைக் கிராமத்தாருக்கு அதுதான் வழி. அரிசியும் உப்பும் ஏறியதும் அதில்தான், நோயாளிகள் இறங்கியதும் அதில்தான்.

பிறகு சுற்றுப்பயணிகள் வந்தார்கள். நீராவி என்ஜினின் இடத்தை டீசல் பிடித்தது. நண்பகலில் ரயில் நிற்கும் ஃபென்சிஹு நிலையத்தில் பெட்டிச் சோறு விற்பனை பெரிய தொழிலானது. 1,403 மீட்டர் உயரத்தில், கோழிக்கறியோ பன்றிக்கறியோ வைத்த சூடான சோற்றுப் பெட்டியை வாங்கி உண்பது பயணத்தின் ஓர் அங்கமாகிவிட்டது.

1982-ஆம் ஆண்டில் அலிஷானுக்கு நெடுஞ்சாலை திறந்தது. பயணிகள் பேருந்துக்கு மாறினார்கள். ரயிலுக்கு இது இரண்டாவது மரண ஓலை. அப்போது அது வேறொரு வேலையைத் தேடிக்கொண்டது. 1986-ஆம் ஆண்டில் அலிஷானில் இருந்து ஜூஷான் வரை சுமார் 6 கிலோமீட்டர் கிளைப்பாதை போட்டார்கள். அதன் முடிவில் இருக்கும் நிலையம் 2,451 மீட்டர் உயரம். தைவானிலேயே மிக உயர்ந்த ரயில் நிலையம் அதுதான். விடியும் முன் குளிரில் நடுங்கிக்கொண்டு மக்கள் அந்த ரயிலில் ஏறுகிறார்கள். மேகக்கடலின் மேல் சூரியன் எழுவதைப் பார்க்கத்தான் அந்தப் பயணம்.

மரத்தை இறக்கப் பிறந்த ரயில், சூரியனைக் காட்டப் போகும் ரயிலானது.

மூடியிருந்த ஒரு குழாய்

இத்தோடு கதையை முடித்தால் இனிப்பாக இருக்கும். ஆனால் நேர்மையாக இருக்காது.

2003-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி. பயணிகள் நிறைந்த ஒரு ரயில் அலிஷான் நிலையத்தை விட்டுக் கீழே கிளம்பியது. சற்று நேரத்திலேயே கட்டுப்பாட்டை இழந்து, தடம் புரண்டு கவிழ்ந்தது. 17 பேர் மாண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

மலை சரிந்ததா? புயல் வீசியதா? இல்லை. ரயிலின் பிரேக் காற்றழுத்தத்தில் இயங்குகிறது. என்ஜினில் இருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றுக் குழாய் போகும். இணைப்பு இருக்கும் இடத்தில் திறந்து மூட ஒரு திருகு இருக்கும். பெட்டிகளைக் கோத்த பிறகு அதைத் திறக்க வேண்டும், திறந்து பிரேக்கைச் சோதிக்க வேண்டும். அன்று என்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் இருந்த அந்தத் திருகு திறக்கப்படவில்லை. ஓட்டுநர் பிரேக் போட்டபோது பெட்டிகளுக்கு அது போய்ச் சேரவேயில்லை. பின்னால் இருந்த பெட்டிகளின் முழுக் கனமும் சரிவில் என்ஜினைத் தள்ளிக்கொண்டு ஓடியது.

கையை நீட்டித் திருப்பினால் ஒரு நொடி வேலை. அந்த ஒரு நொடி வேலையை 17 உயிர்கள் நம்பியிருந்தன. நூறு ஆண்டுக்கு முன்னால் மலைக்குப் பயந்து என்ஜினை இறக்கப் பக்கத்தில் நிறுத்தியவர்களின் எச்சரிக்கை, தினசரிப் பழக்கத்தில் தேய்ந்து போயிருந்தது.

2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி இன்னொரு விபத்து. பாதையோர மரத்தில் இருந்து பெரிய கிளை முறிந்து ஓடும் ரயில் மீது விழுந்தது. பெட்டிகள் கவிழ்ந்து, சீனாவில் இருந்து வந்திருந்த 5 சுற்றுப்பயணிகள் உயிரிழந்தார்கள். மரங்களை இறக்கிய பாதையில், இப்போது நிற்கும் மரங்களையும் நாள்தோறும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பழைய ரயில் அழகானது என்று சொல்லிவிடுவது எளிது. அழகுக்கு யாராவது நாள்தோறும் திருகைத் திறந்து பார்க்க வேண்டும், கிளையை அண்ணாந்து பார்க்க வேண்டும். பாரம்பரியம் என்பதன் முதல் பொருள் பராமரிப்புத்தான்.

மீண்டும் அதே காட்சி

2008-ஆம் ஆண்டில் இந்த ரயிலை நடத்தும் பொறுப்பைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். தனியார் கையில் சுற்றுலா வளரும் என்பது எதிர்பார்ப்பு. அடுத்த ஆண்டே, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில், மொராகோட் புயல் வந்தது. சில நாளில் அலிஷானில் 2,700 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கோலாலம்பூரில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட அதிகமாக, சில நாளில், அதுவும் செங்குத்து மலையில்! பாதையில் நூற்றுக்கணக்கான இடங்கள் சேதமாயின. தண்டவாளங்கள் அந்தரத்தில் தொங்கின, சுரங்கங்கள் மண்ணால் மூடின.

2010-ஆம் ஆண்டில் அந்தத் தனியார் ஒப்பந்தம் முடிவுக்கு வந்தது. அரசு மீண்டும் பொறுப்பேற்றது. 1908-ஆம் ஆண்டும் 1910-ஆம் ஆண்டும் நேயர்களுக்கு நினைவுக்கு வருகிறதா? நூறு ஆண்டுக்கு ஒருமுறை அந்த மலை இதே பாடத்தை நடத்துகிறது. இலாபக் கணக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்கு இந்தப் பாதை கட்டுப்படியாகாது.

பழுது பார்க்கும் வேலை நீண்டது. 2014-ஆம் ஆண்டில் ஃபென்சிஹு வரை ரயில் ஓடியது. உச்சி வரை திறந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இருந்தபோது, 2015-ஆம் ஆண்டில் துஜுவான் புயல் 42-ஆம் எண் சுரங்கம் இருந்த மலைச்சரிவையே சிதைத்தது. பழைய சுரங்கத்தைச் சீர் செய்து பயனில்லை என்று, மலையின் உட்புறமாகத் தள்ளிப் புதிய சுரங்கம் குடைந்தார்கள். அதன் நீளம் 1,105 மீட்டர். சுமார் 50 சுரங்கங்கள் உள்ள இந்தப் பாதையில் அதுதான் மிக நீளமானது.

இதற்கிடையில் 2018-ஆம் ஆண்டில் வனத்துறையின் கீழ் இந்த ரயிலுக்கென்றே தனி அலுவலகம் அமைத்தார்கள். அதன் பெயரிலேயே வன ரயிலும் பண்பாட்டு மரபும் சேர்ந்து இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டில் ரயிலையும் அதைச் சுற்றிய காட்டையும் சேர்த்து முக்கியப் பண்பாட்டு நிலப்பரப்பாக அரசு அறிவித்தது. மரத்தை வெட்டி விற்ற துறையின் வழிவந்தவர்கள்தான் இன்று அந்தப் பாதையின் காவலர்கள்.

விழுந்த மரத்தின் அருகே

அலிஷானுக்கு ஒரு நிலையம் முன்னால் ‘புனித மரம்’ என்ற சிறிய நிலையம் இருக்கிறது. அங்கே 50 மீட்டருக்கும் மேல் உயரமான ஒரு சிவப்பு சைப்ரஸ் மரம் நின்றது. மூவாயிரம் ஆண்டு கண்டது என்று மக்கள் சொல்வார்கள். அத்தனை மரங்கள் வெட்டுண்டபோதும் அதை மட்டும் தெய்வமாக விட்டுவைத்தார்கள். 1950-களில் இடி விழுந்து அது பட்டுப்போனது. பட்டும் பல ஆண்டுகள் நின்றது. 1997-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி கனமழையில் பாதி பிளந்து சரிந்தது. மீதி எந்நேரமும் ரயில் மீது விழலாம் என்பதால், 1998-ஆம் ஆண்டு ஜூனில் சடங்கு செய்து மெல்லக் கீழே சாய்த்தார்கள்.

அந்த மரத்தை யாரும் அறுக்கவில்லை, விற்கவில்லை. விழுந்த இடத்திலேயே, தண்டவாளத்தின் அருகிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அது மண்ணோடு மண்ணாகும் வரை அங்கேயே இருக்கும்.

இந்த ரயில் கட்டப்பட்டதே இப்படிப்பட்ட மரங்களை ஏற்றிச் செல்வதற்குத்தான். இன்று அது தினமும் அந்த மரத்தின் பக்கமாக வருகிறது, நிற்கிறது, ஏற்றாமல் போகிறது.

15 ஆண்டுகள் போராடி ஏன் மீட்டார்கள் என்ற தொடக்கக் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. சாலையில் விரைந்து வருகிறவர் உச்சியில் நிற்கும் அழகை மட்டும் பார்ப்பார். ரயிலில் ஏறியவர் வெட்டிய சரிவுகளையும் பார்க்கிறார், நட்ட தோப்புகளையும் பார்க்கிறார், மனிதன் எடுத்தது எவ்வளவு, மிச்சம் வைத்தது எவ்வளவு என்ற கணக்கையும் பார்க்கிறார். தண்டவாளத்தைப் பெயர்த்திருந்தால் அந்தக் கணக்கும் மறைந்திருக்கும். ட்ஸோ மக்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் எடுத்த காட்டை யாராலும் திருப்பித் தர முடியாது. எடுத்ததை மறக்காமல் இருக்க முடியும். மிஞ்சியதைக் காக்க முடியும்.

தவறாகத் தொடங்கிய ஒன்றை அழித்துவிட்டால் தவறு அழிந்துவிடாது. அதைச் சரியான வேலைக்குத் திருப்பி, நாள்தோறும் அக்கறையோடு நடத்துவது அதைவிடக் கடினமானது. அதற்கு ஆண்டுகள் பிடிக்கும், பணம் பிடிக்கும், மூடியிருக்கும் திருகை மறக்காமல் திறக்கும் ஒரு கையும் வேண்டும். அலிஷானில் அந்தக் கை இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.